2,000 முறை பறந்தவர்... ஆனா இன்னைக்கு லைசென்ஸ் கிடைக்காது! - ஓட்டோ லிலியந்தால் கதை

ஒரு சின்னக் கணக்கோட ஆரம்பிக்கலாம். ஒரு மனிதர் 5 வருடங்களில் சுமார் 2,000 முறை பறந்திருக்கிறார். அவர் வாழ்ந்த காலத்தில், உலகத்திலேயே அந்த அளவுக்குப் பறந்தவர் வேறு யாரும் கிடையாது. ஆனா, அந்த 2,000 தடவையையும் சேர்த்துக் கூட்டினா வர்ற மொத்த நேரம் எவ்வளவு தெரியுமா? சுமார் 5 மணி நேரம். நீங்க ஒரு வெப் சீரிஸை ஒரே மூச்சில் பார்த்து முடிக்கிற நேரம்!

இன்றைக்கு அவர் உயிரோடு வந்து, சொந்த நாடான ஜெர்மனியில் கிளைடர் லைசென்ஸ் கேட்டால் என்ன நடக்கும்? குறைந்தது 15 மணி நேரப் பறக்கும் பயிற்சி வேண்டும் என்று பணிவாகத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். 45 முறை ஏறி இறங்கியிருக்க வேண்டும் என்ற விதியில் மனுஷர் அசால்ட்டாகப் பாஸ். ஆனால் நேரக் கணக்கில் 10 மணி நேரம் குறைகிறதே!

அவர் பெயர் ஓட்டோ லிலியந்தால். கிளைடர் என்றால் என்ன, அதில் ஒரு மோட்டாரை மாட்டினால் அது விமானமா கிளைடரா, அதை ஓட்ட யாருக்கு என்ன லைசென்ஸ் வேண்டும் என்று இன்றைக்கு உலகம் முழுக்கப் பெரிய பெரிய விதிப்புத்தகங்கள் இருக்கின்றன. அந்தப் புத்தகங்களில் இருக்கிற பல வரிகளுக்குப் பின்னால் இவருடைய வாழ்க்கை இருக்கிறது. வாங்க, கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்துட்டு வருவோம்.

நாரைகளைப் பார்த்து வளர்ந்த பையன்

1848 மே 23. அப்போதைய பிரஷ்யாவில், பால்டிக் கடலுக்குப் பக்கத்தில் இருக்கிற அங்க்லம் என்ற சின்ன ஊரில் பிறந்தார் ஓட்டோ. அப்பா துணி வியாபாரி. வீட்டில் 8 குழந்தைகள் பிறந்தும் 3 பேர்தான் பிழைத்தார்கள். ஓட்டோ, அவருக்கு அடுத்த வருடம் பிறந்த தம்பி குஸ்தவ், தங்கை மரீ. ஓட்டோவுக்கு 13 வயது நிறைவதற்குள் அப்பாவும் போய்விட்டார். அதன்பிறகு எல்லாமே அம்மாதான்.

அங்க்லம் பக்கத்துப் புல்வெளிகளில் செங்கால் நாரைகள் நிறைய. அண்ணனும் தம்பியும் ஸ்கூல் விட்டால் அங்கேதான் கிடப்பார்கள். இவ்வளவு பெரிய பறவை, காற்றை எதிர்த்து நாலு எட்டு ஓடி எப்படி அப்படியே மேலே எழும்புது? மேலே போனதும் சிறகையே அடிக்காமல் எப்படி வட்டமடிக்குது? இந்த இரண்டு கேள்விகளும் பசங்க மண்டைக்குள் புகுந்துவிட்டன.

சும்மா பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கவில்லை. பலகைகளில் இறக்கை செய்து கையில் கட்டிக்கொண்டு மேட்டிலிருந்து ஓடிக் குதித்துப் பார்த்தார்கள். அதுவும் ராத்திரி நேரத்தில். ஏன்னு கேட்கிறீங்களா? பகலில் செஞ்சா கூடப் படிக்கிற பசங்க ஓட்டித் தள்ளிடுவாங்களே! பறக்க முடியவில்லை. ஆனால் கேள்வியும் விடவில்லை.

பாய்லர் கம்பெனி முதலாளி

பாட்ஸ்டாமில் தொழிற்கல்வி, பெர்லினில் ஓர் இயந்திரத் தொழிற்சாலையில் பயிற்சி, பிறகு பெர்லின் தொழில்நுட்பக் கழகத்தில் இன்ஜினீயரிங் படிப்பு. 1870-ல் பிரான்ஸுடன் போர் வந்தபோது தானாக முன்வந்து ராணுவத்தில் சேர்ந்தார். திரும்பி வந்ததும் தம்பியோடு மறுபடி அதே பழைய பஞ்சாயத்து: இறக்கை.

சாப்பாட்டுக்கு வழி வேண்டுமே... 1878-ல் ஆக்னஸ் ஃபிஷருடன் கல்யாணம், பிறகு 4 குழந்தைகள். ஒரு கட்டத்தில் அண்ணனும் தம்பியும் சேர்ந்து, குழந்தைகள் விளையாடக் குட்டிக் குட்டிக் கல் செங்கல்கள் செய்யும் முறையைக் கண்டுபிடித்தார்கள். வியாபாரம் பிடிபடாததால் அந்த உரிமையை ரிக்டர் என்ற தொழிலதிபருக்கு விற்றுவிட்டார்கள். அவர் அதை ஆங்கர் கற்கள் என்ற பெயரில் உலகம் முழுக்க விற்றுப் பெரும் பணம் பார்த்தார். நம்ம ஆட்களுக்கு நாமம்!

1880-களின் தொடக்கத்தில் ஓட்டோ சொந்தமாகத் தொழிற்சாலை தொடங்கினார். சிறிய பட்டறைகளுக்கு ஏற்ற, வெடிக்கும் ஆபத்து குறைந்த பாய்லர்களும் நீராவி இன்ஜின்களும் அவருடைய ஸ்பெஷல். 1890-ல் லாபத்தில் 25 சதவிகிதத்தைத் தொழிலாளர்களுக்கே பிரித்துக் கொடுக்க ஆரம்பித்தார். பெர்லினில் ஒரு நாடக அரங்கில் பங்குதாரராகி, ஏழைகளும் பார்க்கும்படி குறைந்த விலையில் டிக்கெட் கொடுத்தார். தானே நாடகம் எழுதி, மேடையும் ஏறினார். வாரம் முழுக்க பாய்லர், மாலையில் நாடகம், ஞாயிறு ஆனால் இறக்கை. இப்போ சைடு புராஜெக்ட்னு சொல்றோமே, அதை 130 வருடத்துக்கு முன்னாடியே பண்ணிட்டாரு மனுஷர்.

முதலில் அளந்து பார்த்தார்

பறக்க ஆசைப்பட்டவர்கள் அவருக்கு முன்னாலும் நிறைய பேர் உண்டு. பெரும்பாலானவர்கள் இயந்திரத்தைக் கட்டிவிட்டு அப்புறம் யோசித்தார்கள். இவர் அளந்துவிட்டுக் கட்டினார். ஒரு கம்பத்தின் மேல் நீண்ட கையைப் பொருத்தி, அதன் நுனியில் விதவிதமான இறக்கைத் துண்டுகளை மாட்டிச் சுழலவிட்டு, எந்த வளைவு எவ்வளவு எடையைத் தூக்குகிறது என்று குறித்துக்கொண்டே வந்தார். தட்டையான பலகையைவிட, நாரையின் சிறகு மாதிரி லேசாக வளைந்த பரப்பு அதிக எடையைத் தூக்கும் என்பதை எண்களோடு காட்டினார்.

இந்த அளவுகளையெல்லாம் தொகுத்து, பறவைகள் பறப்பதைப் பறக்கும் கலைக்கு அடிப்படையாக வைத்து 1889-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 41. அதுவரை ஒரு முறைகூடப் பறக்கவில்லை!

1891-ல் வீட்டுத் தோட்டத்தில் ஒரு மேடை போட்டு, இறக்கையோடு குதித்துப் பழகினார். உயரம் ஒரு மீட்டர், அப்புறம் இரண்டு மீட்டர். அதே வருடம் பாட்ஸ்டாம் பக்கத்தில் இருக்கிற டெர்விட்ஸ் கிராமத்து மேட்டிலிருந்து ஓடிக் குதித்தபோது சுமார் 25 மீட்டர் தூரம் காற்றில் போனார். 25 மீட்டர் என்றால் ஒரு கிரிக்கெட் பிட்ச்சைவிடக் கொஞ்சம் அதிகம். அவ்வளவுதான். ஆனால் உலகத்தில் திரும்பத் திரும்ப, பாதுகாப்பாக, இஷ்டப்பட்டபோது பறக்க முடிந்த முதல் மனிதர் அன்றைக்கு உருவாகிவிட்டார்.

1893-ல் பெர்லினுக்கு வடமேற்கே ரினோ குன்றுகளுக்குப் போனார். அங்கே 250 மீட்டர் வரை பறந்தார். 1894-ல் வீட்டுக்குப் பக்கத்தில் லிக்டர்ஃபெல்டவில் 15 மீட்டர் உயரத்துக்கு ஒரு மண்மேட்டையே எழுப்பினார். கூம்பு மாதிரி வட்ட மேடு. காற்று எந்தத் திசையிலிருந்து அடித்தாலும் அதற்கு எதிராக ஓடிப் பறக்க வேண்டும் இல்லையா, அதுக்காகத்தான்.

அவர் பறக்கிற படங்கள் பத்திரிகைகளில் வந்தன. ஒரு மனிதன் அந்தரத்தில் தொங்குவதை அந்தக் காலத்து ஜனங்கள் படத்தில் பார்த்தால் எப்படி இருந்திருக்கும்? உலகம் வாயைப் பிளந்தது. சாதாரணமாகப் பயன்படுத்துகிற மாடல் ஒன்றை உருவாக்கி, 500 மார்க் விலைக்கு விற்கவும் ஆரம்பித்தார். 6.7 மீட்டர் இறக்கை, 20 கிலோ எடை. உலகத்தில் ஒரே மாதிரி பல பிரதிகள் செய்து விற்கப்பட்ட முதல் பறக்கும் கருவி இதுதான். அமெரிக்கப் பத்திரிகை முதலாளி ஹெர்ஸ்ட், ரஷ்ய விஞ்ஞானி ஷுக்கோவ்ஸ்கி, இங்கிலாந்தின் பெர்ஸி பில்ச்சர் ஆகியோர் வாங்கியவர்களில் சிலர்.

அப்புறம் மோட்டார் ஆசை வந்தது

இன்ஜின் கம்பெனி வைத்திருக்கிறவர், இன்ஜின் இல்லாமல் பறந்துகொண்டிருக்கிறார். விநோதமா இல்லை? காரணம் இருந்தது. காற்றில் சமநிலையோடு நிற்கக் கற்றுக்கொண்ட பிறகுதான் மோட்டாரைத் தொட வேண்டும் என்பது அவர் போட்டுக்கொண்ட வரிசை. நீச்சல் தெரியாதவன் கையில் மோட்டார் படகைக் கொடுத்தால் என்ன ஆகும்? அந்த மாதிரி.

1893-ல் அந்த அடுத்த படிக்கு வந்தார். ஒரு கிளைடர் செய்தார். அதன் இறக்கையின் நடுப்பகுதி அசையாமல் எடையைத் தாங்கும். நுனிப் பகுதி மட்டும் பறவையின் இறகுகள் போலப் பிரிந்து மேலும் கீழும் அடித்து முன்னால் தள்ளும். அதை அடிக்கவைக்க, அழுத்தி அடைத்த கார்பன் டை ஆக்ஸைடு வாயுவில் ஓடும் ஒரு குட்டி மோட்டார். சக்தி, சுமார் 2 குதிரைத்திறன். அதிலும் முதலில் மோட்டாரை ஓட்டாமல், வெறும் கிளைடராகவே பறந்து பழகினார். மோட்டார் தொல்லை கொடுத்துக்கொண்டே இருந்தது. பிறகு இன்னொரு பெரிய மாடல் கட்டினார். இரண்டிலுமே மோட்டார் சக்தியில் பறக்க அவரால் முடியவில்லை.

இறக்கையை அடித்துப் பறக்கும் யோசனை பிற்காலத்தில் எடுபடவில்லை. ஆனால் யோசனையின் மறுபாதியைக் கவனிங்க: மிதக்கத் தெரிந்த ஓர் இறக்கை, அதற்குக் கைகொடுக்க ஒரு சின்ன மோட்டார். இன்றைக்கு மோட்டார் கிளைடர் என்று சொல்வது இதைத்தான்!

எது கிளைடர், எது விமானம்?

மோட்டார் இருந்தாலே விமானம்தானேன்னு தோணுதா? சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. மோட்டாரை நிறுத்தினால் அந்த வண்டி என்ன செய்யும் என்றுதான் பார்க்கிறது.

அதற்கு ஒரு சுவாரஸ்யமான கணக்கு இருக்கிறது. வண்டியின் அதிகபட்ச எடையைக் கிலோவில் எடுத்துக்கோங்க. இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறுநுனி வரை உள்ள நீளத்தை மீட்டரில் அளந்து, அதை அதாலேயே பெருக்குங்க. எடையை அந்த எண்ணால் வகுத்தால் வரும் விடை 3-ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் அது கிளைடர் குடும்பம் இல்லை. இதோடு மொத்த எடைக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. அமெரிக்க விமானத் துறை வழிகாட்டுதலில் அது 850 கிலோ.

போட்டுப் பார்ப்போமா? 15 மீட்டர் இறக்கையும் 600 கிலோ எடையும் உள்ள ஒரு மோட்டார் கிளைடர். 15-ஐ 15-ஆல் பெருக்கினால் 225. 600-ஐ 225-ஆல் வகுத்தால் சுமார் 2.7. பாஸ்! அடுத்து, பைலட் பயிற்சிப் பள்ளிகளில் நிறைய பார்க்கிற செஸ்னா 172 விமானம். 11 மீட்டர் இறக்கை, சுமார் 1,100 கிலோ. விடை 9-க்கு மேல். ஃபெயில். அது விமானம்தான்.

இப்போ லிலியந்தாலின் 6.7 மீட்டர் கிளைடர். ஆளோடு சேர்த்து 100 கிலோ என்று வைத்துக்கொண்டால், விடை 2.2. அவர் காலத்தில் இல்லாத விதியில் அவர் கருவி ஜம்முன்னு பாஸாகுது!

இந்தக் கணக்கின் அர்த்தம் இதுதான்: எடைக்கு ஏற்ற நீளமான இறக்கை இருந்தால், மோட்டார் நின்றாலும் அது மெதுவாகத்தான் கீழே இறங்கும். நல்ல நவீன கிளைடர் ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து இறங்குவதற்குள் 40 கிலோமீட்டருக்கு மேல் போய்விடும்.

மோட்டார் கிளைடர்களிலும் மூன்று ரகம் உண்டு.

முதல் ரகம்: தாங்கு மோட்டார். இதில் இருக்கும் மோட்டார் ரொம்பச் சின்னது. தரையிலிருந்து கிளப்ப அதற்குச் சக்தி கிடையாது. வேறொரு விமானமோ, தரையில் இருக்கிற வின்ச்சோ கயிறு கட்டி இழுத்துத்தான் மேலே ஏற்ற வேண்டும். மேலே போன பிறகு காற்று கைவிட்டால், வீட்டுக்குத் திரும்ப மட்டும் மோட்டார் உதவும்.

இரண்டாவது ரகம்: தானே கிளம்புவது. சொந்த மோட்டாரில் தரையிலிருந்து ஏறும். உயரம் வந்ததும் மோட்டாரை நிறுத்தி, பெரும்பாலான மாடல்களில் அதை உடம்புக்குள்ளேயே மடக்கிவிடலாம். பார்க்க அசல் கிளைடர். இப்போது பேட்டரியில் ஓடுகிறவையும் வந்துவிட்டன. ஜெர்மனியின் அன்டாரஸ் 20ஈ அதற்கு ஓர் உதாரணம்.

மூன்றாவது ரகம்: டூரிங் மோட்டார் கிளைடர். மோட்டாரும் புரொப்பல்லரும் மூக்கில் நிரந்தரமாக இருக்கும். உள்ளே மடங்காது. சாதாரண விமானம் மாதிரியே கிளம்பி ஊர் ஊராகப் போகலாம், வேண்டும்போது மோட்டாரை நிறுத்திவிட்டு மிதக்கலாம். ஜெர்மனியின் ஷைபே ஃபால்கே இந்த ரகத்தில் ரொம்பப் பிரபலம்.

1896 ஆகஸ்ட் 9, ஞாயிற்றுக்கிழமை

லைசென்ஸ் கதைக்குப் போகும் முன்னால் அந்த ஒரு நாளைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ரினோ குன்றுகளில் ஸ்டோல்ன் என்ற கிராமம். அங்கே கொல்லன்பெர்க் என்ற குன்று. கூட இருந்தவர் உதவியாளர் பவுல் பெய்லிஷ். நல்ல வெயில். முதல் சில பறத்தல்கள் அருமையாகவே போயின. அடுத்த முறை கிளம்பியபோது, வெயிலில் சூடேறிய தரையிலிருந்து எழும்பிய காற்று கிளைடரை முட்டித் தூக்கியது. மூக்கு மேலே போனது, வேகம் செத்தது, வண்டி அந்தரத்தில் நின்றது.

லிலியந்தாலின் கிளைடரில் ஸ்டீயரிங் கிடையாது. கைகளை ஊன்றித் தொங்கிக்கொண்டு, காலையும் உடம்பையும் இப்படி அப்படி வீசித்தான் சமநிலை பிடிக்க வேண்டும். மூக்கைக் கீழே இறக்க உடம்பை முன்னால் வீசிப் பார்த்தார். பலனில்லை. சுமார் 15 மீட்டர் உயரத்திலிருந்து கீழே விழுந்தார். கழுத்தெலும்பு முறிந்தது.

குதிரை வண்டியில் கிராமத்துக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த நாள் ரயிலில் பெர்லினுக்கு. ஆஸ்பத்திரியில் சேர்த்தும் ஆகஸ்ட் 10 அன்று உயிர் பிரிந்தது. வயது 48. ஆக்னஸும் 4 பிள்ளைகளும் தனியானார்கள்.

கொடுமை என்ன தெரியுமா? அன்றைக்கு அவரைத் தூக்கியடித்த அந்தச் சூடான காற்றுக்கு இன்றைக்கு தெர்மல் என்று பெயர். கிளைடர் பைலட்டுகள் இப்போது அதைத் தேடித் தேடிப் போகிறார்கள். அதற்குள் வட்டமடித்தால் மோட்டாரே இல்லாமல் ஆயிரக்கணக்கான அடி மேலே ஏறலாம். செங்கால் நாரை சிறகடிக்காமல் வட்டமிடும் ரகசியம் அதுதான். சின்ன வயதில் அவர் தேடிய பதில், அவரை முட்டித் தள்ளிவிட்டுப் போனது.

லைசென்ஸ் ஏன் இவ்வளவு கேட்கிறது?

இப்போது ஐரோப்பாவின் கிளைடர் லைசென்ஸ் விதிகளை அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பக்கத்தில் வைத்துப் படிங்க. ஒவ்வொரு வரியும் வேறு மாதிரித் தெரியும்.

14 வயதானால் பயிற்சியாளர் மேற்பார்வையில் தனியாகப் பறக்கலாம். 16 வயதில் லைசென்ஸ் வாங்கலாம். அதற்கு 15 மணி நேரப் பயிற்சி. அதில் 10 மணி நேரம் பயிற்சியாளர் கூடவே உட்கார்ந்து பறக்க வேண்டும். லிலியந்தாலுக்குப் பக்கத்தில் உட்கார உலகத்திலேயே ஆள் இல்லை. 2 மணி நேரம் மேற்பார்வையில் தனியாக. 45 முறை கிளம்பி இறங்க வேண்டும். மூக்கு மேலே போய் வேகம் செத்து வண்டி விழப் பார்க்கும் அந்த நிலையை, பாதுகாப்பான உயரத்தில் வேண்டுமென்றே உண்டாக்கி, மீளக் கற்றுக்கொடுப்பார்கள். வானிலை உட்பட 9 பாடங்களில் எழுத்துத் தேர்வு, பிறகு பறந்து காட்டும் தேர்வு, மருத்துவச் சான்றிதழ். இவ்வளவும் முடிந்தால்தான் லைசென்ஸ்.

மோட்டார்? அது இதற்கு மேல் ஏறுகிற மாடி. தானே கிளம்பும் கிளைடரை ஓட்ட வேண்டுமா? அந்தக் கிளம்பும் முறைக்கு மட்டும் தனியாகப் பயிற்சி: பயிற்சியாளரோடு 5 முறை, மேற்பார்வையில் தனியாக 5 முறை. டூரிங் மோட்டார் கிளைடர் வேண்டுமா? கூடுதலாக 6 மணி நேரப் பயிற்சி, அதில் 4 மணி நேரம் பயிற்சியாளரோடு. பிறகு தனியாக 150 கிலோமீட்டர் பயணம், நடுவில் வேறொரு விமானத்தளத்தில் இறங்கிக் கிளம்ப வேண்டும். அதற்கும் ஒரு தேர்வு உண்டு.

டூரிங் ரகத்துக்கு இன்னொரு வாசலும் திறந்திருக்கிறது. சாதாரண விமான லைசென்ஸ் வைத்திருப்பவர்கள், அதற்கான தனித் தகுதியைப் பெற்று அதை ஓட்டலாம். விமானத்துக்கும் கிளைடருக்கும் நடுவில் நிற்கிற வண்டிதானே அது.

அமெரிக்காவில் கதை கொஞ்சம் வேறு. அங்கே மோட்டார் கிளைடருக்கென்று தனி லைசென்ஸ் இல்லை. மோட்டார் இருந்தாலும் அது கிளைடர்தான், ஆகவே கிளைடர் லைசென்ஸ்தான் வேண்டும். ஜம்போ ஜெட் ஓட்டும் கேப்டனாக இருந்தாலும் கிளைடர் தகுதி இல்லாமல் அதன் பைலட்டாகப் போக முடியாது! ஏற்கெனவே விமானத்தில் 40 மணி நேர அனுபவம் இருந்தால் பயிற்சி நேரம் குறையும், ஆனால் தனியாக 10 முறை கிளைடரில் பறந்தே ஆக வேண்டும். தானே கிளம்பும் ரகத்துக்குப் பயிற்சியாளர் லாக் புக்கில் தனியாக எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு சலுகையும் உண்டு. கிளைடருக்கு அங்கே மருத்துவச் சான்றிதழ் தேவையில்லை, உடல்நிலையில் பிரச்னை தெரிந்தால் பறக்கக் கூடாது என்பது பைலட்டின் பொறுப்பு.

இந்த நாடும் அந்த நாடும் வேறு வேறு எண்கள் சொன்னாலும், தானே கிளம்பும் கிளைடருக்கு இரண்டும் ஒரே வரிசையைத்தான் கேட்கின்றன: முதலில் மிதக்கத் தெரியணும், அப்புறம்தான் மோட்டார். 1893-ல் அந்த பாய்லர்க்காரர் போட்ட அதே வரிசை.

அது வெறும் சம்பிரதாயமும் கிடையாது. மடக்கி வைத்த மோட்டாரை நடுவானில் வெளியே நீட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது ஸ்டார்ட் ஆகவில்லை. இப்போது நீட்டிக்கொண்டிருக்கும் மோட்டாரே காற்றைத் தடுத்து, கிளைடரை முன்பைவிட வேகமாகக் கீழே இறக்கும். உதவிக்குக் கூப்பிட்ட ஆளே தோளில் ஏறி உட்கார்ந்த கதை! அதனால்தான், பத்திரமாக இறங்க ஓர் இடம் எட்டும் தூரத்தில் இருக்கும்போது மட்டுமே மோட்டாரைத் தொடு என்று பயிற்சியாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். மோட்டார் எப்போது வேண்டுமானாலும் வேலை நிறுத்தம் செய்யலாம். இறக்கை எப்போதும் டியூட்டியில் இருக்கும்.

அவருக்குப் பிறகு

லிலியந்தாலிடம் கிளைடர் வாங்கிய பெர்ஸி பில்ச்சரும் மோட்டார் பறத்தலுக்குத் தயாரானார். 1899 செப்டம்பரில் அதைச் செய்து காட்டும் நாளில் இன்ஜின் பழுதானது. வந்தவர்கள் ஏமாறக் கூடாதென்று பழைய கிளைடரில் ஏறினார். அதன் வால்பகுதி உடைந்து விழுந்தார். இரண்டு நாள்களில் அவரும் இறந்துபோனார்.

லிலியந்தாலின் மரணச் செய்தி அமெரிக்காவில் சைக்கிள் கடை வைத்திருந்த இரண்டு சகோதரர்களையும் எட்டியது. வில்பர், ஓர்வில் ரைட். 5 வருடத்தில் 5 மணி நேரப் பழக்கம் போதவில்லை, உடம்பை வீசிச் சமநிலை பிடிப்பதும் போதவில்லை என்று அவர்களுக்குப் புரிந்தது. ஆனால் அவருடைய வரிசையை மாற்றவில்லை. 1900 முதல் 1902 வரை கிளைடர்தான். நூற்றுக்கணக்கான முறை மிதந்து, இறக்கையாலும் வாலாலும் வண்டியைக் கட்டுப்படுத்தக் கற்றுக்கொண்ட பிறகே 1903 டிசம்பர் 17 அன்று மோட்டாரோடு பறந்தார்கள். அன்றைய முதல் பறத்தல் 12 விநாடி.

முதல் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனியில் மோட்டார் விமானங்களுக்குக் கட்டுப்பாடு வந்தது. பறக்கத் துடித்த இளைஞர்கள் 1920-ல் வாஸர்குப்பே மலையில் கூடி, மோட்டார் இல்லாமலே போட்டி நடத்தினார்கள். கிளைடிங் ஒரு விளையாட்டாகவே வளர்ந்தது. 1935-ல் இங்கிலாந்தில், மோட்டாரை உடம்புக்குள் மடக்கிக்கொள்ளும் கிளைடர் பறந்தது. இன்று நாம் பார்க்கும் தானே கிளம்பும் ரகத்துக்கு அதுதான் முன்னோடி.

பெர்லினில் அவர் எழுப்பிய மண்மேடு இப்போது நினைவிடம். ஸ்டோல்ன் கிராமத்துக்குப் போனால் இன்னும் ஒரு ஆச்சர்யம் காத்திருக்கிறது. 1989 அக்டோபரில், கிழக்கு ஜெர்மனி விமான நிறுவனத்தின் இல்யுஷின் 62 என்ற பிரமாண்டமான ஜெட் விமானத்தை அந்தக் கிராமத்தின் குட்டிப் புல்தரையில் இறக்கினார்கள். நான்கு இன்ஜின் விமானம், ஒரு கிலோமீட்டர்கூட இல்லாத புல்தரையில்! இனி அது கிளம்பப் போவதில்லை. லிலியந்தாலின் நினைவாக அங்கேயே மியூசியமாக நிற்கிறது. அதற்குள் கல்யாணப் பதிவும் நடக்கிறது. விமானத்தின் பெயர், லேடி ஆக்னஸ். கணவரின் ஞாயிற்றுக்கிழமைகளை இறக்கைகளுக்கு விட்டுக்கொடுத்து, கடைசியில் அவரையே பறிகொடுத்த அந்த மனைவியின் பெயர்.

எப்போதாவது நீங்கள் ஒரு மோட்டார் கிளைடரில் உட்காரும் வாய்ப்பு வரலாம். உயரத்துக்குப் போனதும் பைலட் மோட்டாரை நிறுத்துவார். சத்தம் அடங்கும். புதிதாக ஏறுகிறவர்களுக்கு வயிற்றைப் பிசைகிற நொடி அது. பயப்படாதீங்க. உங்கள் பைலட் அந்த அமைதியில் எப்படிப் பறப்பது என்பதைத்தான் முதலில் கற்றுக்கொண்டிருக்கிறார். அப்படிக் கற்றுக்கொள்ளச் சொல்லும் விதிக்கு, ஒருவர் 2,000 முறை ஓடிக் குதித்துக் கொடுத்த விலை இருக்கிறது.